ஏதிலியர்க்கு வேண்டுவது சட்டத்துணை!



ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் எவற்றையெல்லாம் இழக்கின்றான்? வீட்டை இழக்கின்றான், விளைநிலத்தை இழக்கின்றான், உற்றாரையும் உறவினரையும் இழக்கின்றான். இவை எல்லார் கண்ணுக்கும் தெரியும் இழப்புகள். இவற்றைப் பற்றி நாம் பேசியிருக்கின்றோம், எழுதியிருக்கின்றோம், ஊர்வலம் போயிருக்கின்றோம். ஆனால் எவர் கண்ணுக்கும் எளிதில் தெரியாத இழப்பு ஒன்றுண்டு. அதுதான் தாளிழப்பு! பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, நிலவுறுதி, பள்ளிச் சான்று ஆகியவை எரிந்த வீட்டோடு எரிந்து போகின்றன; கவிழ்ந்த படகோடு கடலில் அமிழ்ந்து போகின்றன. எரிந்த வீட்டை மீண்டும் கட்டிக் கொள்ளலாம். எரிந்த தாளை மீண்டும் பெறுவதற்கோ, 'நீ யார்?' என்று கேட்கும் அலுவலகத்தின் முன்னே, 'நான் இன்னார்' என்பதற்குச் சான்றாக அந்த எரிந்த தாளையே காட்ட வேண்டியிருக்கின்றது!

இந்தச் சுழலிலிருந்து ஏதிலியை மீட்பது எது? இரக்கம் மட்டும் மீட்காது. முழக்கமும் மீட்காது. சட்டம் அறிந்த ஒருவர் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே கேட்டு, அவர்க்கு உரியதை உரிய இடத்தில் எழுதிக் கேட்பதே மீட்கும். சட்டத்துணை என்று நாம் கூறுவது இதனைத்தான். இப்பணியை ஆற்றத் தெரிந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? இவ்வினாவை இத்திங்கள் நம் அன்பர்கள் முன் வைக்கின்றோம். விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம்.

'அகதி' என்னும் வடசொல்லை நாம் ஏற்பதில்லை. போக்கிடமற்றவன் என்று ஒரு மாந்தனை அவன் முகத்துக்கு நேரே கூறும் சொல் அது. அதனால் 'ஏதிலி' என்னும் நற்றமிழ்ச் சொல்லை வழங்கி வருகின்றோம். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வழங்குவதாக அறிவித்தது. பெயர் மாற்றம் நன்றே, அதனை வரவேற்றோம். ஆனால் சொல்லை மாற்றுவது பணியின் தொடக்கந்தான். ஏதிலி என்று அழைத்தாலும், மறுவாழ்வு பெறுவோர் என்று அழைத்தாலும், அவர் கையில் இருக்கும் தாள் அவரை இன்னும் 'அயல்நாட்டார்' என்றுதானே கூறுகின்றது? அத்தாளில் உள்ள சொல்லை மாற்றாத வரையில், வாயில் உள்ள சொல்லை மாற்றி என்ன பயன்?

1983ஆம் ஆண்டு முதலாக மூன்று நூறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர்கள் கடல் கடந்து தமிழகக் கரையேறினர். பலர் திரும்பினர், சிலர் வேற்று நாடுகளுக்குச் சென்றனர். 2021இல் ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களிலும், 34,000 பேர் காவல்துறையில் பதிந்துகொண்டு வெளியிலும் வாழ்ந்து வந்தனர். கைக்குழந்தையாய் வந்திறங்கியவர் இன்று பேரக்குழந்தையைத் தோளில் சுமக்கின்றார். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆயினும் 'நீ எந்த நாட்டினன்?' என்னும் வினாவுக்கு ஒரே கூரையின் கீழ் வாழும் அம் மூன்று தலைமுறையும் மூன்று வேறு விடைகளைச் சொல்ல நேர்கின்றது. அதற்குக் கரணியம் சட்டத்தில் உள்ள நாள்களே.

அந்நாள்களை அறியாதவன் ஏதிலியர்க்கு உதவ முடியாது. ஆகையால் அவற்றைச் சிறிது விரிவாகவே கூறுகின்றோம். அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

இந்திய நாடு 1951ஆம் ஆண்டின் பன்னாட்டு ஏதிலியர் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆகவே போருக்கு அஞ்சி ஓடிவந்தவரும், பொழுதுபோக்குக்காகச் சுற்றிப் பார்க்க வந்து காலங்கடந்து தங்கியவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே வகையினர்; இருவரும் அயல்நாட்டார். இனி, குடியுரிமைச் சட்டம் என்ன கூறுகின்றது? 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவராயினும், அயல்நாட்டுத் தூதர்தம் மக்களைப் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர்தம் பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பினாலேயே இந்தியக் குடிமக்கள். 1987 சூலை முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3ஆம் நாளிலிருந்து அதுவும் போதாது; ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் 'சட்டத்துக்கு மாறாகக் குடிபுகுந்தவர்' எனப்படாதவராக இருத்தல் வேண்டும்.

இந்த 1987ஆம் ஆண்டு வரம்பு எவ்வாறு வந்தது? 1986இல் கொண்டுவந்த திருத்தத்தின் நோக்கவுரையில், வங்கதேசத்திலிருந்து வருவோரோடு இலங்கையிலிருந்து வருவோரையும் பெயர் சுட்டியே கூறினர். கறுப்புச் சூலையின் குருதி காயும் முன்னரே அக்கதவைச் சாத்திவிட்டனர் என்பது இதன் பொருள். ஆயினும் சாத்துவதற்கு முன் நான்காண்டுகள் அக்கதவு திறந்திருந்தது! 1983க்கும் 1987க்கும் இடையே முகாம்களில் பிறந்த குழந்தைகள் அக்கதவின் வழியே உள்ளே வந்துவிட்டவர்கள். இன்று அவர்கள் நாற்பது அகவையை ஒட்டியவர்கள். அவர்கள் குடிமக்கள், எவரிடமும் குடியுரிமையைக் கெஞ்சிக் கேட்க வேண்டியவர்கள் அல்லர்.

இவ்வுண்மையை அவர்களிடம் சென்று சொன்னவர் யார்? முகாமில் பிறந்த பெண் ஒருவர், தமக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். அவர் 1987 சூலைக்கு முன் பிறந்தவராதலால் பிறப்பால் இந்தியரே என்று சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். புதிய சட்டம் எதுவும் அவருக்காக இயற்றப்படவில்லை. அவர் பிறந்த நாளன்றே சட்டம் அவர்க்குக் குடியுரிமையைக் கொடுத்துவிட்டது. அவர் இளமை முழுவதும் அவ்வுரிமை யாரும் எடுத்துக் கூறாமல் சட்டநூலுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது! இவ்வாறு எத்தனை பேர் உரிமை உறங்கிக் கிடக்கின்றதோ என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்துணையின் பொருள் விளங்கும்.

இனி, மற்றவர் நிலை என்ன? 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கடவுச்சீட்டின்றி வந்த அனைவரையும் 'சட்டத்துக்கு மாறாகக் குடிபுகுந்தவர்' என்று வரையறுத்தது. அவ்வாறு வரையறுக்கப்பட்டவர் எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தாலும் பதிவின் வழியாகவோ, இயல்புரிமையின் வழியாகவோ குடியுரிமை பெற இயலாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்கானித்தான், வங்கதேசம், பாக்கித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 திசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தார்க்கு இத்தடையை நீக்கியது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்க்கு நீக்கவில்லை. பழைய அயல்நாட்டார் சட்டத்தின் இடத்தில் 2025 செபுதம்பரில் புதுச் சட்டம் வந்தபோது, 2015 சனவரி 9ஆம் நாள் வரை இங்கு வந்து புகலடைந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாமைக்கான ஒறுப்பிலிருந்து விலக்கு அளித்தனர். சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பதுதான் இதன் பொருள். குடிமகனாக ஏற்போம் என்பதன்று. இவ்வேறுபாட்டை அறியாமல், 'குடியுரிமை கிடைத்துவிட்டது' என்று ஏமாறுவோரும் உளர். அவ்வாறு ஏமாற்றிப் பணம் பறிப்போர்க்கு இடங்கொடுப்பதும் இவ்வறியாமையே.

மலையகத் தமிழர் கதையோ இன்னும் கொடிது. தேயிலைத் தோட்டங்களைத் தம் குருதியால் விளைவித்த அம்மக்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வந்த சட்டம், இத்தனை ஆண்டுகள் இடைவிடாது வாழ்ந்ததற்குச் சான்று காட்டுக என்றது. தோட்டத் துரைமாரின் பேரேட்டைத் தவிர வேறு எழுத்தறியாத மக்கள் தாளுக்கு எங்கே போவார்கள்? வழக்கறிஞரான தந்தை செல்வா அச்சட்டத்தைக் கொழும்பு நாடாளுமன்றத்தில் எதிர்த்துத் தம் கட்சியையும் விட்டு வெளியேறினார். அச்சட்டங்களை எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. 1964 அக்தோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாத்திரியும், ஏறத்தாழ 9,75,000 எனக் கணக்கிட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகவும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதாகவும் உடன்படிக்கை செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். உயிருள்ள மக்களைச் சந்தையில் ஆடுமாடுகளைப் பிரிப்பது போலப் பிரித்தபோது, 'உன் விருப்பம் யாது?' என்று அவர்களை முதலில் கேட்டவர் இல்லை.

அம்மலையகத்தாருள் பலர் 1977இலும் 1983இலும் நடந்த இனக்கொலைகளுக்கு அஞ்சி வடக்கே சென்று, அங்கிருந்து படகேறி இங்கு வந்தனர். தம் பாட்டன் பிறந்த மண்ணுக்கே ஏதிலியராய் வந்து சேர்ந்தனர்! கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்த இத்தகையோர் தொடுத்த வழக்கில், 2019 சூன் 17ஆம் நாள் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த இவர்களைச் சட்டத்துக்கு மாறாகக் குடிபுகுந்தவராகக் கருதலாகாது என்றும், இவர்தம் குடியுரிமை வேண்டுகைகளை மாவட்ட ஆட்சியர் வழியாகப் பெற்று நடுவணரசு 16 கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. கடலுக்கு அப்பாலும் ஒரு வழி உண்டு. 1964 அக்தோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்து வந்த இந்திய மரபினர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தை அந்நாடு 2003இல் இயற்றி, 2009இல் இந்தியாவில் ஏதிலியராய் வாழ்வோர்க்கும் அதனை விரித்தது. ஆக, ஒரே குடும்பத்துக்கு இங்கும் ஒரு கதவு உண்டு. அங்கும் ஒரு கதவு உண்டு. எந்தக் கதவு தமக்குரியது என்பதை அறியாமல் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கின்றனர்.

இங்குதான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. அறியாமையோடு கூடிய நல்லெண்ணம் கேடும் செய்யும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1985இல் முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பாலேயே இந்தியர். அவரைக் கூட்டிச் சென்று, 'ஏதாவதொரு நாட்டுத் தாள் இருக்கட்டும்' என்று சென்னையிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் நம் அன்பர் ஒருவர் குடியுரிமைக்குப் பதிய வைக்கின்றார் என்று கொள்ளுங்கள். தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுவோர்க்கு இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும் என்பது சட்டம். உதவச் சென்ற அன்பரே அவரது உரிமையை ஒரு கையெழுத்தில் அழித்துவிடக்கூடும்! இதற்கு மாறாக, தாயகம் திரும்ப விரும்பும் பெற்றோரின் குழந்தை இங்குப் பிறந்திருந்தால், ஓராண்டுக்குள் அப்பிறப்பை அத்தூதரகத்தில் பதிவதே முறை. காலங்கடந்தால் சிறப்பிசைவு பெற வேண்டும். ஒரே அலுவலகம், ஒரே படிவம், ஒருவர்க்கு உயிர், மற்றொருவர்க்கு நஞ்சு. எது எவர்க்கு என்று பிரித்தறியும் அறிவே சட்டத்துணை வல்லுநரின் அறிவு.

'சட்டம் ஆள்வோரின் கருவி. அதனிடம் போய் உரிமை கேட்பதா?' என்று நம்முள் சிலர் கேட்கின்றனர். கேட்பதில் பொருளில்லாமல் இல்லை. மேலே நாம் காட்டிய சட்டங்களுள் பல தமிழனை வெளியே நிறுத்தவே இயற்றப்பட்டவை. ஆயினும், வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1992இல் ஏதிலியரைத் திருப்பி அனுப்பும் வேலை நடந்தபோது, ஐயா பழ. நெடுமாறன் அவர்கள் சென்னை உயர் அறமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். விருப்பமின்றி எவரையும் அனுப்பலாகாது என்னும் காப்பு அவ்வழக்கினால் வலுப்பெற்றது. அவ்வாண்டிலேயே, திரும்புவோர் தம் விருப்பத்தால்தான் திரும்புகின்றனரா என்று கேட்டறிய உலக நாடுகள் அவையின் ஏதிலியர் ஆணையத்துக்கு இசைவு கிடைத்தது. மேடைப்பேச்சும் வேண்டியிருந்தது, ஊர்வலமும் வேண்டியிருந்தது. ஆனால் படகேற நின்றவரைத் தடுத்துக் காத்தது வழக்குத்தாள். 1996இல் அருணாசலப் பகுதிச் சக்குமா மக்களின் வழக்கில், உயிர்க்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு குடிமகனல்லாதார்க்கும் உரியது என்று உச்ச அறமன்றம் உறுதி செய்தது. ஆள்வோர் செய்த கருவியையே அவர்க்கெதிரே திருப்பலாம் என்பதற்கு இவை போதாவா?

இந்நாட்டில் கட்டணமின்றிச் சட்டத்துணை பெறும் உரிமை ஏட்டில் இருக்கின்றது. 1976இல் அரசியலமைப்பில் சேர்த்த 39அ பிரிவு 'குடிமகன்' என்று கூறுகின்றது. ஆனால் 1987இல் இயற்றி 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவோ 'குடிமகன்' என்னாது 'ஆள்' என்று கூறுகின்றது. பெண்டிர், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோரோடு, இனவன்முறைக்கு ஆளாகி நலிந்தோரும் அப்பிரிவில் தனியே சுட்டப்பட்டுள்ளனர். இனவன்முறைக்கு ஆளானவர் ஈழ ஏதிலியர் அல்லாமல் வேறு யார்? ஒவ்வொரு மாவட்டத்திலும் அவ்வாணைக்குழு உண்டு. 'எம் முகாமுக்கு ஒரு வழக்கறிஞரை அனுப்புக' என்று எழுத்தால் கேட்பதற்கு எத்தடையும் இல்லை. கேட்டவர்தாம் குறைவு.

கேட்பதற்கு மொழியும் ஒரு தடையாக நிற்கின்றது. படிவம் ஆங்கிலத்தில் வருகின்றது. மறுப்பாணை ஆங்கிலத்தில் வருகின்றது. உயர் அறமன்றத்தின் வழக்குரை ஆங்கிலத்தில் நடக்கின்றது. அங்கே தமிழ் வேண்டும் என்று 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானித்தும் இன்றளவும் அது நிறைவேறவில்லை. தம் வாழ்வையே முடிவு செய்யும் தாளைத் தாமே படிக்க முடியாத ஒருவர், 'இங்கே கையெழுத்திடு' என்றால் இடுகின்றார். 'பெருவிரலை வை' என்றால் வைக்கின்றார். 'எல்லாம் விளங்கி, முழு விருப்பத்தோடு ஒப்பமிட்டேன்' என்று அத்தாளின் அடியில் எழுதியிருக்கும்! தமிழில் இல்லாத தாளில் தமிழர் இட்ட இசைவு எங்ஙனம் இசைவாகும்? மொழியுரிமை என்று நாம் இத்தனை ஆண்டுகள் பேசி வருவது புலவர்களின் பொழுதுபோக்குக்காக அன்று. கைநாட்டு வைக்கும் அந்த முதியவளுக்காகவே என்பதை நாமும் சிற்சில வேளைகளில் மறந்துவிடுகின்றோம்.

ஈழத்தில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் நிலையையும் இங்குக் கூறாமல் விடலாகாது. அங்கே ஒருவர் நிலத்தை மற்றொருவர் பத்தாண்டுகள் எதிருரிமையோடு ஆண்டுவந்தால் அது அவர்க்கே உரியதாகும் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் முப்பதாண்டுகள் ஊர் திரும்ப முடியாதவரின் கதி என்ன? 2016இல் இயற்றிய தனிச்சட்டம், 1983 மே முதல் நாளிலிருந்து 2009 மே 18 வரை உள்ள காலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது. இன்னொன்று: யாழ்ப்பாணத் தேசவழமைப்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள நிலத்தை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அவள் யாரிடம் இசைவு பெறுவாள்? மாவட்ட அறமன்றத்தில் வேண்டுகை வைத்துப் பெற வேண்டும். கணவன் இறந்தான் என்று பதிய 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அவ்வாறு பதிய எந்த மனைவியின் கை எழும்? அதனால்தான் 2016இல் 'காணாமைச் சான்றிதழ்' என்னும் ஏற்பாடு வந்தது. இறந்தான் என்று எழுதாமலே தன் உரிமையைக் கேட்க அவளுக்கு அஃது இடங்கொடுக்கின்றது. அங்கும் 1978 முதல் அரசின் சட்ட உதவி ஆணைக்குழு உள்ளது. ஆனால் இவ்வேற்பாடுகளை அவளுக்குத் தமிழில் எடுத்துரைத்து, உடன் சென்று, எழுதித் தருவோர் இல்லையேல் சட்டம் இருந்தும் இல்லாததே.

மற்றொன்றையும் நேர்மையோடு கூறுவோம். 1990 அக்தோபரில் வட மாகாணத்து முசுலிம்கள், தமிழே தாய்மொழியாகக் கொண்டவர்கள், ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுக்குள் வெளியேற்றப்பட்டனர். அவர்களை வெளியேற்றியவர்கள் தமிழர்க்காகப் போராடுவதாகக் கூறியவர்கள். அவர்களும் ஏதிலியரே, அவர்தம் நிலவுறுதியும் நிலவுறுதியே. நம்மவர்க்கு ஒரு முறையும் பிறர்க்கு ஒரு முறையும் கேட்பவன் அறத்தைக் கேட்கவில்லை, சலுகையைக் கேட்கின்றான். இடம்பெயர்ந்த எவர்க்கும் துணை நிற்பவனே சட்டத்துணைஞன்.

அன்பர்களே! இனி நம்மை நோக்கித் திரும்புவோம். நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஈழத்துக்காக நாம் கூட்டிய கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். அடித்த சுவரொட்டிகளை எண்ணிப் பாருங்கள். நம்முள் எத்தனை பேர், நம் ஊர்க்கு அருகேயுள்ள முகாமுக்குள் சென்று, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பிறந்தநாளையும் கேட்டெழுதியிருக்கின்றோம்? ஒரு பிறப்புச் சான்றிதழில் பிழையாக எழுதப்பட்ட தந்தை பெயரைத் திருத்துவதற்கு ஒரு நாள் கூலியை இழந்து அலைந்திருக்கின்றோம்? ஈழத்தமிழர் பணியாளர்களே நடத்திவரும் ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், வழக்கறிஞர் சா. செ. சந்திரகாசன் அவர்கள் தலைமையில் பதிவுப்பணியை ஆண்டுக்கணக்காகச் செய்து வந்துள்ளது. தந்தை செல்வாவின் மகனார் தாள் சுமந்தார். நாம் தட்டி சுமந்தோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் தட்டி சுமப்பதற்குக் கிடைத்த தோள்களுள் பத்தில் ஒரு பங்கேனும் தாள் சுமக்கக் கிடைத்திருந்தால் இன்றைய நிலை இவ்வாறு இருந்திராது. இதைச் சொல்ல எமக்கு வெட்கமாகவே இருக்கின்றது.

ஆகவே, இளைஞர்களுக்குச் சில சொல்லுவோம். சட்டக் கல்லூரியில் பயிலும் தமிழ இளைஞர்களே, குடியுரிமைச் சட்டத்தையும் அயல்நாட்டார் பற்றிய புதுச் சட்டத்தையும் முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் பயிலாதவர்கள் மாவட்ட ஆணைக்குழுக்களில் சட்டத் தன்னார்வலராகப் பதிந்து பயிற்சி பெறுங்கள். முகாமுக்குச் செல்லும்போது ஒரு பேரேட்டை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவர்க்கும் பிறந்த இடம், பிறந்த நாள், வந்திறங்கிய நாள், பெற்றோரின் பிறப்பிடம், கையிலுள்ள தாள்கள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் படியெடுத்து வையுங்கள். கொடுத்த வேண்டுகைக்கெல்லாம் பெறுகைச் சான்று வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாயால் மறுத்ததற்கு மேல்முறையீடு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகனுக்கே உரியதாகலின், ஏதிலியரின் கோப்பு எங்கே தேங்கிக் கிடக்கின்றது என்று குடிமகனாகிய நீங்கள் கேளுங்கள். ஆங்கிலத்தில் உள்ள எத்தாளையும் தமிழில் முழுதும் படித்துக் காட்டிய பின்னரே ஒப்பமிடச் செய்யுங்கள். அவர்கள் கூறும் செய்திகளை வெளியே பேசாதீர்கள். அவர்தம் துயரம் நம் மேடைக்கு உரிய பொருளன்று. முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள்; பொய்ந்நம்பிக்கையும் ஒரு கொடுமையே.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. இங்கேயே இருப்பதா, தாயகம் திரும்புவதா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். 'நீ திரும்பினால் ஈழத்தமிழர் தொகை பெருகும்' என்றோ, 'நீ இங்கிருந்தால்தான் நம் இயக்கத்துக்கு வலிமை' என்றோ நம் அரசியல் கணக்கை அவர்கள் தலையில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமையில்லை. 1964இல் இரண்டு அரசுகள் அவர்களைக் கேளாமல் பங்கிட்டன. அப்பிழையை நாமும் செய்வோமானால் அவர்க்கும் நமக்கும் வேறுபாடு என்ன? வழிகளையும் அவ்வழிகளின் விளைவுகளையும் தெளிவாக எடுத்துக் கூறுவது நம் கடமை. தேர்ந்துகொள்வது அவர்தம் உரிமை.

இது புகழ் தரும் பணியன்று. அலுவலகத் திண்ணையில் காத்திருக்க வேண்டிய பணி. பழைய பேரேட்டில் மங்கிய எழுத்தைத் தேட வேண்டிய பணி. பத்து முறை சென்று ஒரு முத்திரை பெற்று வரும் பணி. மாலையும் இல்லை, கைத்தட்டலும் இல்லை. ஆனால் முகாமில் பிறந்து நாற்பதாண்டுகள் 'நீ யார்?' என்னும் வினாவையே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், தம் பெயர் பிழையின்றி எழுதப்பட்ட ஒரு தாளைக் கையில் வாங்கும் நாளில், அவரைத் துரத்திய அத்தனை சட்டங்களும் ஓரடி பின்வாங்குகின்றன. அந்த ஓரடியை முன்னெடுத்து வைக்க, அடுத்த கிழமை உங்கள் ஊர்க்கு அருகேயுள்ள முகாமுக்குச் செல்லுங்கள். ஒரு பேரேடும் ஓர் எழுதுகோலும் போதும். தொடங்குங்கள்!